துக்க வீட்டில் சொன்ன ‘வரேன்’

அத்தியாயம் 14

"அங்க வந்து வாயைத் திறக்காதே. யாராவது ஏதாவது கேட்டா தலையை மட்டும் ஆட்டு. புரிஞ்சுதா?"

காரில் ஏறி உட்கார்ந்ததும் சுவர்ச்சலா மருமகளிடம் சொன்னது இவ்வளவுதான். விபா அப்போதே தலையை ஆட்டிப் பழகிக்கொண்டாள்.

மாமனார் பாஸ்கர ராவ் வண்டியைக் கிளப்பினார். அமலாபுரத்திலிருந்து அம்பாஜிபேட்டை ஒன்றும் தூரமில்லை. ஆனால் அண்ணன் வீட்டு வழியில் அவர் வண்டி திரும்பிப் பல வருஷம் ஆகிவிட்டது. மகள் சிரீஷாவின் கல்யாணத்துக்கு அண்ணன் கோடேஸ்வர ராவும் அண்ணி சீதாமகாலட்சுமியும் வரவில்லை. சுவர்ச்சலா நேரில் போய், ஓரகத்திக்குப் பொட்டு வைத்து, கையைப் பிடித்து அழைத்துவிட்டு வந்தும் அவர்கள் வரவில்லை என்பது அவர் மனக்குறை. அந்த முகூர்த்தத்தோடு அண்ணன் தம்பி பேச்சு நின்றது.

நேற்று முன்தினம் சீதாமகாலட்சுமி போய்விட்டாள். பாஸ்கர ராவ் மட்டும் தகனத்துக்குப் போய்க் கூட்டத்தின் கடைசியில் நின்றுவிட்டுத் திரும்பினார். வீட்டுப் பெண்கள் ஒருதரமாவது தலையைக் காட்டாவிட்டால் ஊர் சும்மா இருக்காது என்பதால் இன்று இந்தப் பயணம். விபாவின் கணவன் கிரிதர் வேலையாகப் புனே போனவன், நாளை மறுநாள்தான் வருகிறான்.

விபா ஜன்னல் பக்கம் பார்த்தாள். கால்வாய் கூடவே ஓடி வந்தது. தென்னைகள் தண்ணீரின் மேல் சாய்ந்து நின்றன.

அவள் ஜபல்பூர்க்காரி. அவள் வீட்டில் வெளியே கிளம்புகிறவர்கள் இந்தியில் ‘நடக்கறேன்’ என்பார்கள். ‘போறேன்’ என்றும் சொல்வார்கள். அம்மா அடுப்படியிலிருந்து, "சரி, போ" என்று குரல் கொடுப்பாள். அதில் யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

இந்த வீட்டுக்கு வந்த முதல் வாரம், மருந்துக்கடைக்குக் கிளம்பியபோது பழக்கதோஷத்தில், தனக்குத் தெரிந்த தெலுங்கில், "போறேன் அத்தய்யா" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள். சுவர்ச்சலா ஈரக்கையோடு ஓடிவந்து கேட்டுக்கு வெளியே போனவளைத் திரும்ப இழுத்தாள். உட்கார வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள்.

"போறவங்கதான் போறேன்னு சொல்வாங்க. நீ திரும்பி வரப்போறவ. வெள்ளொஸ்தானு. போய் வரேன். எங்க, சொல்லு?"

"வெள்ளொஸ்தானு."

"நான் ‘ரா’ம்பேன். வான்னு அர்த்தம். அதைக் காதுல வாங்கிட்டுத்தான் படியிறங்கணும். தெருமுனைக்குப் போனாலும் சரி, தில்லிக்குப் போனாலும் சரி."

அன்றிலிருந்து விபா காய்கறி வண்டிக்குப் போனாலும் சொல்லிவிட்டுத்தான் போனாள். வங்கியில் சொன்னாள். பல் டாக்டரிடம்கூடச் சொன்னாள். அவர் சிரித்துவிட்டு, "வரவேண்டாம்மா, பல்லை நல்லா தேய்ங்க" என்றார். நாக்கு பழகிவிட்டது.

அந்த நாக்குதான் இன்று அவள் காலை வாரிவிட்டது.

*

பெரியவர் கோடேஸ்வர ராவின் வீட்டு வராந்தாவில் ஆண்கள், கூடத்தில் பெண்கள். யாரும் வா என்று சொல்லவில்லை. பாஸ்கர ராவ் அண்ணனுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பி தரையைப் பார்த்தார், அண்ணன் தெருவைப் பார்த்தார்.

சுவர்ச்சலா கூடத்தில் சுவரோரமாக உட்கார்ந்தாள். மாலை போட்ட படத்தின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. விபாதான் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி, அகலமான நெற்றி, சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு. கிரிதர் இந்த முகத்தைப் பற்றித்தான் எத்தனை சொல்லியிருக்கிறான்! பிள்ளை இல்லாத பெரியம்மா தன்னை இடுப்பிலிருந்து இறக்கியதே இல்லை என்பான்.

கொஞ்ச நேரத்தில் பாஸ்கர ராவ் எழுந்தார். யாரிடமும் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். சுவர்ச்சலாவும் அப்படியே எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினாள். கூடவே இன்னும் இரண்டு மூன்று உறவுக்காரர்களும் கிளம்பினார்கள். ஒருவர்கூடப் பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கடைசியாக வந்த விபா அவரைக் கடக்கும்போது அவர் நிமிர்ந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பித்தான் ஒன்று தப்பான காஜாவில் மாட்டியிருந்தது. அதைச் சரிபண்ணச் சொல்ல இனி இந்த வீட்டில் யாருமில்லை என்று விபாவுக்குத் தோன்றியது. பெரியவரிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது எப்படி?

கையைக் கூப்பினாள்.

"வெள்ளொஸ்தானு, பெத்த மாவய்யா."

கூடத்தில் பேச்சு நின்றது. ஒரு பெண், "ஐயய்யோ" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். கேட்டுக்கு வெளியே சுவர்ச்சலா கல்லாக நின்றாள்.

கோடேஸ்வர ராவ் மட்டும் அசையவில்லை. அவளையே பார்த்தார்.

"எப்ப வருவே?"

விபா இதை எதிர்பார்க்கவில்லை. இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. ‘வா’ என்பார்கள், அவ்வளவுதான்.

"நாளைக்கு" என்றாள். அவளுக்குச் சட்டென்று வந்த தெலுங்கு வார்த்தை அது.

*

வீட்டுக்கு வந்து, பின்கட்டுக் குழாயடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு உள்ளே வந்த பிறகுதான் சுவர்ச்சலா வெடித்தாள்.

"துக்க வீட்ல நின்னு வரேன்னு சொல்லிட்டு வந்திருக்கா! கேட்டீங்களா? திரும்பவும் துக்கத்துக்கு வரேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கா உங்க மருமக!"

"மெதுவா பேசு" என்றார் பாஸ்கர ராவ்.

"எதுக்கு மெதுவா? அம்பாஜிபேட்டை முழுக்க இந்நேரம் தெரிஞ்சிருக்கும். வடக்கத்திப் பொண்ணைக் கட்டினா இப்படித்தான்னு அத்தனை பேரும் சிரிச்சிருப்பாங்க."

"நீங்கதானே அத்தய்யா சொல்லிக்குடுத்தீங்க?" என்றாள் விபா. "எங்க போனாலும் சொல்லணும்னு. சொல்லாம போனா தப்புன்னு."

"சாவு வீட்லயுமா சொல்லச் சொன்னேன்?"

"அங்க சொல்லக்கூடாதுன்னும் சொல்லலையே!"

சுவர்ச்சலா சமையலறைக்குள் போய்ப் பாத்திரத்தைத் தடாலென்று வைத்தாள்.

விபா மாடிக்குப் போய்க் கிரிதரை அழைத்தாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பெருமூச்சு விட்டான்.

"கல்யாணம், சீமந்தம், சத்யநாராயண பூஜை, எங்கே இருந்து கிளம்பினாலும் வரேன்னு சொல்லணும். துக்க வீட்ல மட்டும் சொல்லக்கூடாது விபா. ஆஸ்பத்திரியிலகூட யாரும் விரும்ப மாட்டாங்க. பேசாம எழுந்து வந்துடணும்."

"அவரைப் பார்த்துக்கிட்டே எப்படி கிரி பேசாம எழுந்து வர்றது? எல்லாரும் எழுந்து எழுந்து போனாங்க. ஒருத்தர்கூட ஒண்ணும் சொல்லல. எங்க ஊர்ல எந்த வீட்ல இருந்து கிளம்பினாலும் ஒரே வார்த்தைதான். நடக்கறேன்னு சொல்லிட்டுக் கிளம்புவோம். அதுல தப்பே பண்ண முடியாது."

கிரிதர் பெரியப்பாவை விசாரித்தான்.

"பெத்தநான்னா என்ன பண்ணினார்? கோவப்பட்டாரா?"

"எப்ப வருவேன்னு கேட்டார்."

"என்ன?"

"நாளைக்குன்னு சொன்னேன்."

கிரிதர் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. "நான் வர்றவரைக்கும் ஒண்ணும் பண்ணாதே" என்று மட்டும் சொன்னான்.

*

சாப்பாடு ஆன பிறகு பாஸ்கர ராவின் செல்போன் அடித்தது. திரையைப் பார்த்தவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். இத்தனை வருஷமாக அழிக்காமல் வைத்திருந்த பெயர். அன்னய்யா.

"எடுங்க மாவய்யா" என்றாள் விபா.

எடுத்தார். பெரியவரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"பாஸ்கரா."

"ம்."

"உன் மருமக நாளைக்கு வரேன்னு சொல்லிட்டுப் போச்சு."

பாஸ்கர ராவ் மனைவியைப் பார்த்தார். சுவர்ச்சலா கோங்கூராக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தியிருந்தாள்.

"அது… புதுப்பொண்ணு அன்னய்யா. பாஷை சரியா வராது. தெரியாம சொல்லிடுச்சு."

"தெரியாமதான் சொல்லிச்சா?"

"ஆமா, தப்பா எடுத்துக்காதே."

"தப்பா எடுத்துக்கல." என்றார் பெரியவர். "நாளைக்கு செவ்வாய்க்கிழமை. இந்த மாதிரி வீட்டுக்கு வரக்கூடாது. வர்றதா இருந்தா இன்னைக்கே வெளிச்சத்தோட வரச்சொல்லு. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடு. நான் வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம்."

சுவர்ச்சலா வேண்டாம் என்று வேகமாகத் தலையாட்டினாள். பாஸ்கர ராவ் போனைக் காதிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு விழித்தார். பதில் சொல்லத் தைரியமும் இல்லை, வைத்துவிட மனமும் இல்லை.

விபா கையை நீட்டினாள். அவர் யோசிக்காமல் கொடுத்துவிட்டார். கொடுத்தபோது அவர் முகத்தில் வந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்கே பாவமாக இருந்தது.

"பெத்த மாவய்யா, நான் விபா. தெரியாமதான் சொன்னேன். ஆனா வரேன்."

"சரிம்மா" என்று சொல்லிப் பெரியவர் வைத்துவிட்டார்.

"நீ போகக்கூடாது" என்றாள் சுவர்ச்சலா.

"ஏன் அத்தய்யா?"

"கூடாதுன்னா கூடாது."

"அந்த வார்த்தைக்காகத்தான்னா, அது காலையிலேயே ஆயிடுச்சு. இப்ப போனா புதுசா என்ன ஆகப்போகுது?"

"எதிர்த்துப் பேசக் கத்துக்கிட்டியா?"

"கத்துக்கிட்ட வரைக்கும் பேசறேன். கோவமா இருந்தா சொல்லுங்க. பயமா இருந்தாலும் சொல்லுங்க. எனக்குப் புரியல."

சுவர்ச்சலா கீரைக்காம்பை ஒடித்தாள். இலையைக் குப்பையிலும் காம்பைத் தட்டிலும் போட்டாள். வந்த நாளிலிருந்து விபா இந்தக் கையைப் பார்த்திருக்கிறாள். கொதிக்கிற எண்ணெயில் வடை போடும்போதுகூட தடுமாறாத கை.

"அவர் உன்கிட்ட ஏதாவது சொல்வார்" என்றாள் மெதுவாக.

"என்ன சொல்வார்?"

பாஸ்கர ராவ் செய்தித்தாளை எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

விபா கேட்டருகே ஆட்டோவை நிறுத்தி ஏறி உட்கார்ந்தாள். டிரைவர் கிளப்பப் போன நேரத்தில் பின்னால் செருப்புச் சத்தம். முந்தானையை இடுப்பில் செருகியபடி சுவர்ச்சலா வந்தாள்.

"நகரு" என்றாள். "உன்னைத் தனியா விட்டா இன்னும் என்னென்ன சொல்லிட்டு வருவியோ."

*

ஆட்டோ கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியதும் சுவர்ச்சலா தானாகவே பேசினாள், விபாவிடம் இல்லை, வெளியே ஓடிய தோப்புகளிடம்.

"கிரி சின்னவனா இருக்கும்போது என் கையால ஒரு வாய் வாங்கமாட்டான். லட்சுமி அக்கா பிசைஞ்சு குடுத்தாத்தான். எனக்கு எரியும்."

விபா அவள் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கெல்லாமா எரியும்னு கேக்காதே. எரியும்."

"கேக்கல அத்தய்யா."

பெரியவர் வராந்தாவில் அதே நாற்காலியில் இருந்தார். காலையில் இருந்த கூட்டம் கலைந்திருந்தது. பித்தான் இன்னும் தப்பான காஜாவில்தான் இருந்தது. விபாவைப் பார்த்ததும் முகம் கொஞ்சம் இளகியது. அவள் பின்னால் வந்தவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"நீயும் வந்தியா சுவர்ச்சலா?"

"வந்தேன் பாவகாரு" என்றாள் சுவர்ச்சலா. மூத்த மைத்துனரின் முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. இந்தப் பொண்ணை வரச்சொன்னது ஒரு விஷயம் கேட்டனுப்பத்தான். நீ வருவேன்னு நினைக்கல. உன்கிட்டயே கேட்டுடறேன்."

மாமியாரின் முழங்கை தன் கையில் உரசுவதை விபா உணர்ந்தாள். வேண்டுமென்றே உரசினாளா, தெரியாமலா?

"சிரீஷா கல்யாணத்துக்குக் கூப்பிட நீ வந்தபோது நான் ஊர்ல இல்லை, காக்கிநாடாவுல இருந்தேன்" என்றார் பெரியவர். "திரும்பி வந்ததும் லட்சுமி சொன்னா. சுவர்ச்சலா நேர்ல வந்தா, பொட்டு வச்சா, வாய் நிறையக் கூப்பிட்டான்னு. கல்யாணத்தன்னைக்குக் காலையில தலைவலின்னு படுத்துட்டா. நான் கெஞ்சினேன். கிளம்பல. என் தம்பி வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் போகவிடாம பண்ணிட்டியேன்னு அவகிட்ட நான் பேசின பேச்சு…"

அவர் கூடத்துப் படத்தின் பக்கம் திரும்பினார்.

"அதுக்கப்புறமும் எத்தனையோ தடவை குத்திக் காட்டினேன். கேட்டுக்கிட்டே இருந்தா. போன வாரம், நினைவு தவறுறதுக்கு முன்னாடி, ‘சுவர்ச்சலா மேல வருத்தமில்லைன்னு சொல்லிடுங்க’ன்னா. வரலைன்னு வருத்தப்பட வேண்டியது நீங்க. அவ எதுக்கு உன் மேல வருத்தப்படணும்? அன்னையிலிருந்து எனக்கு அது விளங்கல. நீ சொல்லு. நீ வந்து கூப்பிட்டியா?"

தெருவில் ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. யாரும் திரும்பவில்லை.

சுவர்ச்சலா தூணைப் பிடித்துக்கொண்டாள். விபா இந்த ஊருக்கு வந்து கற்ற தெலுங்கு கொஞ்சம்தான். ஆனால் அடுத்து வந்தது அவளுக்கு முழுசாகப் புரிந்தது.

"கூப்பிடல."

"என்ன?"

"நேர்ல வரல பாவகாரு. பொட்டு வைக்கல. போன்லதான் சொன்னேன்." அவள் குரல் ஏறவும் இல்லை, உடையவும் இல்லை. யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல வந்தது. "பிள்ளை இல்லாதவங்க முகூர்த்தத்துல முன்னால வந்து நின்னா ஆகாதுன்னு எங்க அம்மா வீட்ல பேசினாங்க. என் பொண்ணுக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயந்தேன். அதனால வரல. போன்ல சொன்னேன். அக்கா, ‘நீ சொன்னா போதும், வரேன் சுவர்ச்சலா’ன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"‘உங்க இஷ்டம்’னேன்."

பெரியவர் நாற்காலியின் முதுகைத் தேடிப் பிடித்தார். விபா ஓடிப்போய் அவர் கையைத் தாங்கினாள். உட்கார வைத்தாள். அவர் யாரையும் திட்டவில்லை. "லட்சுமீ" என்று ஒருதரம் சொன்னார், உள்ளே இருக்கிற ஒருத்தியைக் கூப்பிடுவதுபோல.

கேட் திறக்கும் சத்தம் கேட்டுத்தான் விபா திரும்பினாள்.

பாஸ்கர ராவ் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து ஹெல்மெட்டைக் கழற்றக்கூட இல்லை. அவர் எப்போது வந்தார், எதுவரை கேட்டார் என்று யாரும் கேட்கத் தேவையிருக்கவில்லை. முகம் சொன்னது.

"ஏங்க" என்றாள் சுவர்ச்சலா.

அவர் அவளைத் தாண்டி நடந்தார். படியேறி வந்து ஹெல்மெட்டைத் தரையில் வைத்தார். அண்ணனின் காலடியில், வெறும் தரையில், உட்கார்ந்தார். பெரிய உடம்பு. உட்காரவே கஷ்டப்பட்டார்.

"அன்னய்யா, உனக்கும் தெரியாதா?"

"தெரியாதுடா."

"எனக்கும் தெரியாது."

அண்ணன் தம்பியின் தோளில் கையை வைத்தார். வெளிச்சம் தென்னந்தோப்புக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது.

"நேரமாச்சு" என்றாள் சுவர்ச்சலா, யாரிடம் என்று தெரியாமல். "விளக்கேத்தணும்."

பாஸ்கர ராவ் தலையைத் திருப்பாமல் விபாவிடம் பேசினார்.

"அம்மா விபா, உங்க அத்தய்யாவை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. நான் இங்கதான் இருக்கப்போறேன்."

"இன்னைக்கு மட்டுமா மாவய்யா?"

சுவர்ச்சலா கேட்டைத் தாண்டித் தெருவில் இறங்கி, ஆட்டோ நின்ற பக்கம் போகாமல், எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தாள். விபா செருப்பைக்கூட மாட்டாமல் அவள் பின்னால் ஓடினாள்.